குழந்தைதானே, மறந்துவிடும்!

நல்ல எண்ணத்தோடு சொல்லப்படுகிற கொடுமையான வாக்கியங்கள் தமிழில் சில உண்டு. அவற்றுள் ஒன்றோடு எனக்கு நெடுநாளாகச் சண்டை. 'குழந்தைதானே, மறந்துவிடும்!' என்பது அந்த வாக்கியம்.

இழவு வீட்டுப் பந்தலில் உட்கார்ந்திருக்கிற பெரியவர் இதைச் சொல்கிறார். நிவாரணத் தொகைக்குக் கையெழுத்து வாங்க வந்த அதிகாரி சொல்கிறார். பத்து நாள் கழித்துப் பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் கொண்டுவந்து விடும்போது வாத்தியார் சொல்கிறார். இவர்களில் ஒருவர்கூடக் கெட்டவர் இல்லை. அத்தனை பேரும் இரக்கத்தோடுதான் சொல்கிறார்கள். சொல்லி முடித்ததும் மனசு லேசாகி, அவரவர் வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். குழந்தைக்கு மட்டும் போக இடமில்லை. அது அங்கேயே இருக்கிறது.

என் கட்சி இதுதான்: குழந்தை மறப்பதில்லை. மறந்துவிட்டது என்று நாம் எழுதி வைத்துக்கொள்கிறோம். அப்படி எழுதி வைத்துக்கொள்வது சர்க்காருக்குச் சிக்கனம், முதலாளிக்கு லாபம், நமக்கு நிம்மதி. இந்த மூன்று சௌகரியங்களுக்கும் சேர்த்து விலை கொடுப்பது எட்டு வயதுப் பிள்ளை.

நான் பேசுவது விருதுநகர் மாவட்டத்தைப் பற்றி. பட்டணத்து வாசகர்களுக்காக அந்த மண்ணைப் பற்றி இரண்டு வார்த்தை. சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டை வட்டாரம் வானம் பார்த்த கரிசல் பூமி. 1920களில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டி செய்யக் கற்றுக்கொண்டு வந்தார்கள். பயிருக்கு ஆகாத வறண்ட காற்று தீப்பெட்டிக்கும் பட்டாசுக்கும் ஆகிவந்தது. இன்று ஆயிரத்துக்கும் மேற்பட்ட பட்டாசு ஆலைகள் அங்கே இருக்கின்றன. நாடு வெடிக்கிற பட்டாசில் மிகப் பெரும்பங்கு இங்கிருந்துதான் போகிறது. இந்த ஆலைக்கு ஊரில் வழங்குகிற பெயர் 'பயர் ஆபீஸ்'. "அம்மா எங்கேடா?" என்று கேட்டால், "ஆபீஸுக்குப் போயிருக்கு" என்று பிள்ளை சொல்லும். மேஜையும் மின்விசிறியும் உள்ள ஆபீஸ் என்று நினைத்துவிடாதீர்கள். பொட்டல் காட்டில் விலகி விலகி நிற்கும் சின்னச் சின்ன அறைகள். ஓர் அறைக்குள் நாலு பேருக்கு மேல் உட்காரக் கூடாது என்பது விதி. வெடித்தால் நாலு பேரோடு போகட்டும் என்பது அந்த விதியின் உட்பொருள். அந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு இந்த உட்பொருள் நன்றாகத் தெரியும். வாய்ப்பாடு கற்றுக்கொள்வதற்கு முன்னால் கற்றுக்கொள்கிறார்கள்.

விதி மீறப்படும்போது என்ன ஆகிறது என்பதற்குத் தேதிகள் இருக்கின்றன. 1991ல் ஒரே விபத்தில் 39 பேர் இறந்தார்கள். உச்ச நீதிமன்றம் தானாகவே அந்த விஷயத்தைக் கையில் எடுத்தது. 2012 செப்டம்பர் 5, முதலிப்பட்டி: ஏறத்தாழ நாற்பது பேர். அவர்களில் பலர் அந்த ஆலையில் வேலை செய்தவர்கள் அல்லர். புகையைக் கண்டு ஓடிவந்த ஊர்க்காரர்கள். 2021 பிப்ரவரி 12, அச்சங்குளம்: இருபதுக்கும் மேல். 2023 அக்டோபர் 17, ரெங்கபாளையம்: பத்துக்கும் மேல். 2024 மே 9, செங்கமலப்பட்டி. 2025 ஜூலை 1, சின்னக்காமன்பட்டி. நான் சொல்லாமல் விட்டவை இவற்றைவிட அதிகம். இறந்தவர்களில் பெண்கள் எத்தனை பேர், அந்தப் பெண்களில் தாய்மார்கள் எத்தனை பேர், அந்தத் தாய்மார்களுக்குப் பிள்ளைகள் எத்தனை பேர் என்று எண்ணிக்கொண்டே போனால், செத்தவர்களின் கணக்கைவிட மிஞ்சியவர்களின் கணக்குப் பெரிதாகிவிடும். அந்தக் கணக்கை யாரும் போடுவதில்லை.

விபத்துக்குப் பிறகு நடப்பதெல்லாம் ஒரு சடங்கைப்போல் ஒழுங்காக நடக்கும். தீயணைப்பு வண்டி, ஆம்புலன்ஸ், சிவகாசி ஆஸ்பத்திரி, அங்கே தாங்காது என்றால் மதுரைப் பெரியாஸ்பத்திரி. கலெக்டர் வருவார்; மந்திரி வருவார்; ஆலையின் உரிமம் ரத்தாகும்; போர்மேனைப் பிடிப்பார்கள். மூன்றாம் நாள் நிவாரணக் காசோலை. வெந்த உடம்புக்கு வைத்தியம் இருக்கிறது. செத்த உயிருக்கு விலை இருக்கிறது. அச்சங்குளம் விபத்தைத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் விசாரித்து, இறந்தவர் குடும்பத்துக்கு 20 லட்சம் ரூபாய் என்றும், காயம் பட்டவர்களுக்கு உடம்பு எத்தனை சதவீதம் வெந்தது என்பதைப் பொறுத்து இவ்வளவு என்றும் கணக்கு வகுத்தது. அந்தக் கணக்கை நான் குறை சொல்லவில்லை. ஏழை உயிருக்கு அவ்வளவு பெரிய தொகையை விதித்ததே பெரிய காரியம். ஆனால் அந்தக் கணக்கில் தோலுக்குத்தான் சதவீதம் உண்டு. தாய் வேலை செய்யும் திசையிலிருந்து எழுந்த சத்தத்தைக் கேட்ட பிள்ளைக்கு எத்தனை சதவீதம்? ஆஸ்பத்திரி வாசலில் துணி மூடிக் கிடந்ததை, வளையலைப் பார்த்து 'இது எங்கம்மா' என்று அடையாளம் சொன்ன பிள்ளைக்கு எத்தனை சதவீதம்?

ஒரு பையனை எனக்குத் தெரியும். சாத்தூருக்குப் பக்கத்துக் கிராமம். ஊர்ப் பெயரும் வேண்டாம், பிள்ளையின் பெயரும் வேண்டாம். மூன்றாம் வகுப்பு படிக்கிறான். பக்கத்து ஆலை வெடித்தபோது பள்ளிக்கூடத்து வராந்தாவில் மதியச் சாப்பாட்டுத் தட்டோடு உட்கார்ந்திருந்தான். அவன் சித்தி அதில் போய்விட்டாள். தாய் வேறோர் ஆலையில் இருந்ததால் பிழைத்தாள். அவன் உடம்பில் ஒரு கீறல்கூட இல்லை. ஆகவே எந்தப் பட்டியலிலும் அவன் பெயர் இல்லை.

"ரொம்பச் சேட்டை பண்றான் அண்ணாச்சி" என்றாள் தாய்.

என்ன சேட்டை? காலையில் அவள் புறப்படுகிற நேரத்தில் அவளுடைய செருப்பை ஒளித்து வைத்துவிடுகிறானாம். ஒரு நாள் கிணற்றிலேயே போட்டுவிட்டானாம். அதற்காக நன்றாக அடி வாங்கியிருக்கிறான். வெயில் ஏறினால், "இன்னிக்கு வெக்கை சாஸ்தியா ஆச்சி?" என்று பாட்டியைத் துளைத்து எடுக்கிறானாம். வெக்கையிலும் உராய்விலும்தான் மருந்து பிடித்துக்கொள்ளும் என்று பெரியவர்கள் பேசியதைக் கேட்டிருக்கிறான். அவன் விளையாட்டையும் பார்த்தேன். காலித் தீப்பெட்டிகளை அடுக்கி ஓர் அறை கட்டுகிறான். உள்ளே நாலு கூழாங்கல் வைக்கிறான். காலால் எற்றுகிறான். மறுபடியும் கட்டுகிறான். சிரிப்பு இல்லை, கூச்சல் இல்லை. விளையாட்டில் இருக்க வேண்டிய எந்தச் சந்தோஷமும் அதில் இல்லை. கூலி வேலை செய்கிறவனைப்போல் செய்துகொண்டிருந்தான்.

அவன் மறந்துவிட்டான் என்று வாத்தியார் சொல்கிறார். மறந்துவிட்டான் என்றால், ஐயா, செருப்பைக் கிணற்றில் போட்டது யார்?

இப்படிக் கண்ட துயரத்தையே திரும்பத் திரும்ப விளையாடுவதும், சத்தம் கேட்டால் பெஞ்சுக்கு அடியில் ஒளிவதும், விட்டுவிட்ட வயசில் மறுபடியும் பாயை நனைப்பதும், வகுப்பில் கண்ணைத் திறந்துகொண்டே எங்கோ போய்விடுவதும் சேட்டையும் அல்ல, மந்தமும் அல்ல. இவை பேரதிர்ச்சி விட்டுச் சென்ற நோயின் அடையாளங்கள். 1980ல் அமெரிக்க மனோவைத்தியர்கள் இதற்கென்று ஒரு பெயர் சூட்டித் தங்கள் நூலில் ஏற்றினார்கள். பெயர் சூட்டுவதற்கு முன்பும் நோய் இருந்தது. குழந்தைகள் பெயர் தெரியாமலே அனுபவித்தன.

பட்டாசுத் தொழிலில் ஒரு பால பாடம் உண்டு. அன்றன்று கலந்த மருந்தை அன்றன்றே தீர்த்துவிட வேண்டும். மிஞ்சியதை அறைக்குள் விட்டுவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு போனால், இரவுக் காற்றின் ஈரத்தில் அது தானாக வேலை செய்யும். காலையில் கதவைத் திறக்கிறவனைக் கொன்றுவிடும். இப்படி வெடித்த அறைகள் எத்தனையோ. மருந்தைப் பற்றி இவ்வளவு தெரிந்துவைத்திருக்கிற ஊருக்கு, பிள்ளையின் மனசுக்குள் மிஞ்சிய பயத்தைச் சாத்தி வைக்கக் கூடாது என்பது புரியாதா?

'மறந்துவிடும்' என்கிற கட்சிக்காரர்களுக்கு வேல்ஸ் நாட்டில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். ஆபர்ஃபான் என்பது சிவகாசியைப்போல் ஒரே தொழிலை நம்பிப் பிழைத்த ஊர். நிலக்கரிச் சுரங்கத்து ஊர். 1966 அக்டோபர் 21 காலையில், மலைமேல் குவித்து வைத்திருந்த சுரங்கக் கழிவு சரிந்து பள்ளிக்கூடத்தின் மேல் இறங்கியது. 116 குழந்தைகளும் 28 பெரியவர்களும் மாண்டார்கள். அந்தப் பள்ளிக்கூடத்தில் பிழைத்த பிள்ளைகளை, 33 ஆண்டுகள் கழித்து ஆராய்ச்சிக்காரர்கள் தேடிப் போனார்கள். பிள்ளைகளா அவர்கள்? நாற்பது வயதை ஒட்டிய மனிதர்கள். தாமே பிள்ளை பெற்றவர்கள். பரிசோதித்த 41 பேரில் நூற்றுக்கு 29 வீதம் பேருக்கு அந்த நோய் அப்போதும் இருந்தது. முப்பத்து மூன்று ஆண்டுகள்! ஒரு குழந்தை மறப்பதற்கு இன்னும் எத்தனை ஆண்டு அவகாசம் கொடுக்கப் போகிறீர்கள்?

"அதெல்லாம் வெள்ளைக்காரன் சமாசாரம், நம் ஜனங்களுக்கு மனவுறுதி அதிகம்" என்று சிலர் சொல்வார்கள். நம் ஜனங்களுக்குச் செய்தே பார்த்திருக்கிறோம். 1984ல் போபாலில் விஷவாயு கசிந்தபோது, பெங்களூர் நிம்ஹான்ஸ் நிலையத்தார் அடுத்த ஆண்டே அங்கே போய், சாதாரண டாக்டர்களுக்கு மனநல வைத்தியத்தில் பயிற்சி கொடுத்தார்கள். 2004 டிசம்பர் 26ல் கடல் பொங்கி நம்முடைய நாகப்பட்டினத்தை விழுங்கியபோதும் அதே நிலையத்தார் வந்தார்கள். ஆசிரியர்களுக்கும் ஊர்த் தொண்டர்களுக்கும் பயிற்சி கொடுத்தார்கள். பிள்ளைகள் படம் வரைந்தார்கள், அலையை வரைந்தார்கள், கொஞ்சம் கொஞ்சமாகப் பேசினார்கள். ஆகவே தமிழ்நாட்டுக்கு இது தெரியாத வித்தை அல்ல. கடல் செய்தால் பேரிடர். ஒரே வீச்சில் ஆயிரக்கணக்கில் போனால் நிபுணர்கள் வருவார்கள். நாலு நாலாகவும் எட்டு எட்டாகவும் வருஷா வருஷம் போனால், அதற்குப் பெயர் 'வழக்கம்போல் விபத்து.' மனசு மட்டும் தன் பங்குக்கு உடையத்தான் உடைகிறது. பக்கத்தில் எத்தனை பேர் செத்தார்கள் என்று எண்ணிப் பார்த்துவிட்டு உடைவதில்லை.

இனி, என்னிடம் சொல்லப்படுகிற ஆட்சேபங்களுக்கு வருகிறேன்.

முதல் ஆட்சேபம்: "முதலில் சோறு; மனசெல்லாம் பிறகு. மனோதத்துவம் பணக்காரன் வீட்டு வியாதி." இதைச் சொல்கிறவர்கள் விருதுநகரில் பிறந்த ஒரு மனிதரை மறந்துவிடுகிறார்கள். பசித்த பிள்ளைக்குப் பாடம் ஏறாது என்று கண்டு, 1950களில் பள்ளிக்கூடத்துக்குள் சோற்றைக் கொண்டுவந்தார் காமராஜர். 'பள்ளிக்கூடம் படிப்புச் சொல்லிக் கொடுக்கிற இடம், சோறு வீட்டுக் காரியம்' என்று அவர் ஒதுங்கவில்லை. படிப்புக்கு எது தடையோ அதை நீக்குவதும் பள்ளிக்கூடத்தின் வேலை என்றார். பசித்த பிள்ளைக்கு ஏறாத பாடம் பயந்த பிள்ளைக்கு மட்டும் ஏறுமா? 2024 நவம்பரில் தமிழக அரசு, பட்டாசு விபத்தில் பெற்றோரை இழந்த பிள்ளைகளின் படிப்புச் செலவை உயர்கல்வி வரைக்கும் தானே ஏற்பதாக விருதுநகரிலே அறிவித்தது; முதலில் 5 கோடி ரூபாய் நிதியும் ஒதுக்கியது. மனதாரப் பாராட்டுகிறேன். ஆனால் கட்டணம் கட்டிவிட்டால் போதுமா? பெஞ்சில் உட்கார்ந்திருப்பது பிள்ளையின் உடம்பு. அதன் மனசு இன்னும் அந்த ஆஸ்பத்திரி வாசலில் நின்றுகொண்டிருந்தால், அந்த 5 கோடியில் படிக்கப் போவது யார்?

இரண்டாவது ஆட்சேபம்: "எங்களுக்கு மாரியம்மன் இருக்கிறாள், மந்திரித்துத் தாயத்துக் கட்டினால் பயம் தெளிந்துவிடும்." இருக்கன்குடிக்குப் போகிற தாயை நான் கேலி செய்ய மாட்டேன். பூசாரி விபூதி போடும்போது பிள்ளையின் நெற்றியில் ஒரு கை படுகிறது. 'உனக்கு ஒன்றும் ஆகாது' என்று ஒரு குரல் சொல்கிறது. சர்க்கார் அனுப்பாத கையும் குரலும் அவை. அவற்றால் தெளிகிற பிள்ளைகளும் உண்டு. தெளியாத பிள்ளையை என்ன செய்வீர்கள் என்பதுதான் என் கேள்வி. மூன்று வெள்ளிக்கிழமை மந்திரித்தும் சரியாகவில்லை என்றால், 'இவன் வேணும்னே நடிக்கிறான்' என்று அடி விழுகிறது. காய்ச்சலுக்கும் விபூதி போடுகிறோம். மூன்றாம் நாளும் காய்ந்தால் டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடுகிறோம். பயத்துக்கு மட்டும் ஓடுவதற்கு ஓர் இடம் இல்லை.

மூன்றாவது ஆட்சேபம் நியாயமானது: "அத்தனை பிள்ளைகளுக்கும் நிபுணர்களுக்கு எங்கே போவது?" மாவட்ட மனநலத் திட்டம் என்று ஒன்று 1996 முதல் நாட்டில் நடந்து வருகிறது. மாவட்டத்துக்கு ஒரு குழு. விருதுநகர் மாவட்டத்திலோ, 2011 ஜனத்தொகைக் கணக்கின்படியே 19 லட்சத்துக்கு மேல் ஜனங்கள். குடித்துக் கெட்டவன், தற்கொலைக்குத் துணிந்தவள், வருஷக்கணக்காகப் புத்தி பேதலித்தவர் எல்லாரையும் பார்த்து முடித்து, அந்தக் குழு எப்போது இந்தப் பையனிடம் வருவது? '14416க்குப் போன் செய்தால் ஆலோசனை கிடைக்கும்' என்கிறார்கள். நல்ல ஏற்பாடுதான், பெரியவர்களுக்கு. எட்டு வயசுப் பிள்ளை யாருடைய போனை எடுத்து, என்னவென்று சொல்லும்? அதற்குத் தெரிந்த ஒரே முறையீடு செருப்பைக் கிணற்றில் போடுவது.

எல்லாப் பிள்ளைகளுக்கும் நிபுணர் வேண்டும் என்று நான் கேட்கவில்லை. பெரும்பாலான குழந்தைகள், பழகிய மடி, பழகிய பள்ளிக்கூடம், நேரத்துக்குச் சாப்பாடு, இரவில் பக்கத்தில் ஓர் ஆள் என்று அமைந்தால் சில வாரங்களில் தேறிவிடுகின்றன. விபத்து நடந்த மறுநாளே பிள்ளைகளை வரிசையில் உட்கார வைத்து, 'என்ன பார்த்தாய், சொல்' என்று ஒரே தடவையில் கறந்துவிடுகிற அவசர வைத்தியம் பயன் தராது என்று உலக சுகாதார ஸ்தாபனமே சொல்லிவிட்டது. ஆகவே காமிராவோடு வருகிற கருணைக் கூட்டம் வேண்டாம். ஒரு மாதம் கழித்தும் தேறாத பிள்ளை எது என்று பார்க்கிற கண் ஒன்று வேண்டும். அந்தக் கண் முதலில் வாத்தியாருடையது. அடுத்தது கிராம சுகாதாரச் செவிலியருடையது. அவர்கள் பொறுக்கி எடுத்து அனுப்புகிற சில பிள்ளைகளுக்கு மனோதத்துவ நிபுணர். அவருடைய வேலை புத்திமதி சொல்வது அல்ல. படத்தாலும் பொம்மையாலும் மெதுவாகப் பேச வைக்கிறார், படபடப்பு வந்தால் மூச்சை அடக்கி ஆளக் கற்றுக்கொடுக்கிறார், அஞ்சிய பொருளை எட்ட நின்றும் பிறகு கிட்ட வந்தும் பார்க்கப் பழக்குகிறார், தாய்க்கும் சொல்லிக்கொடுக்கிறார். வாரம் ஒரு தடவையாகப் பன்னிரண்டு, பதினாறு வாரம். அவ்வளவுதான். தீக்காயத்துக்குத் தோல் ஒட்டுவதைவிடச் செலவு குறைந்த வைத்தியம்.

"வாத்தியாரே பார்த்துக்கொள்ளக் கூடாதா? நிபுணர் எதற்கு?" என்று கேட்பவர்களுக்கு ஒரு காரணம் சொல்கிறேன். பேச்சை நிறுத்திவிட்ட பிள்ளை, காதைப் பொத்திக்கொள்கிற பிள்ளை, முகத்தைப் பார்க்காத பிள்ளை, ஒரே விளையாட்டைத் திரும்பத் திரும்ப ஆடுகிற பிள்ளை: இவை அதிர்ச்சியின் அடையாளங்களாகவும் இருக்கலாம், ஆட்டிஸம் என்ற பிறவித் தன்மையின் அடையாளங்களாகவும் இருக்கலாம். ஒன்று, ஒரு குறிப்பிட்ட நாளுக்குப் பிறகு வந்தது. மற்றது, முதல் இரண்டு மூன்று வயசிலேயே தெரியத் தொடங்குவது. பார்க்கிறவர் கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோல் இருக்கும். பட்டாசு வட்டாரத்தில் இந்தக் குழப்பம் இரண்டு பக்கமும் வெட்டுகிறது. ஆட்டிஸம் உள்ள பிள்ளையை, 'வெடிச் சத்தத்திலே பயந்துபோயிருக்கான், போகப் போகச் சரியாகிடும்' என்று வருஷக்கணக்காக விட்டுவிடுகிறார்கள். பேச்சுப் பயிற்சி தொடங்க வேண்டிய பொன்னான காலம் போய்விடுகிறது. அதிர்ச்சியில் ஊமையான பிள்ளையை, 'பிறவியிலேயே மந்தம்' என்று கடைசி பெஞ்சுக்குத் தள்ளிவிடுகிறார்கள்; தேறக்கூடிய பிள்ளை தேறாமல் போகிறது. 2016ல் வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் ஆட்டிஸத்தைத் தன் பட்டியலில் சேர்த்திருக்கிறது. சான்றிதழ் உண்டு, சலுகை உண்டு. ஆனால் இது எது என்று பிரித்துச் சொல்ல ஆள் வேண்டுமே! தாயிடம் பொறுமையாக உட்கார்ந்து, 'இவன் முதல் வார்த்தை எப்போது பேசினான்? கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பானா? அந்த நாளுக்கு முன்னால் எப்படி இருந்தான்?' என்று கேட்டுப் பிரிப்பது ஒரு படிப்பு. நாற்பது பிள்ளைகளை மேய்க்கிற வாத்தியாரின் தலையில் அதைக் கட்டுவது அக்கிரமம்.

இத்தனை ஆட்சேபங்களையும்விடப் பெரிய ஒன்றை யாரும் என்னிடம் சொல்லவில்லை. நானே எழுப்புகிறேன். மற்ற ஊர்களில் வைத்தியர் பிள்ளையிடம், 'பயப்படாதே, அது முடிந்துபோயிற்று, இனி வராது' என்று சொல்ல முடியும். அதுதான் சிகிச்சையின் அஸ்திவாரம். கடல் தினந்தோறும் பொங்குவதில்லை. சிவகாசியில் அப்படிச் சொல்ல முடியுமா? கருமாதி முடிந்ததும் தாய் மறுபடியும் ஆபீஸுக்குப் போகிறாள். அதே மருந்து, அதே அறை, அதே வெக்கை. பிள்ளையின் பயம் அப்போது நோயா, உண்மையா? செருப்பை ஒளித்து வைத்த அந்தப் பையன் நம் எல்லாரையும்விடத் தெளிவாக நிலைமையைப் புரிந்துகொண்டிருக்கிறான் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

ஆகவே இதைச் சொல்லிவிடுகிறேன். மனோதத்துவ நிபுணரைக் கொண்டுவந்து, 'அம்மா பத்திரமாக இருப்பாள்' என்று பிள்ளையிடம் பொய் சொல்ல வைப்பதற்காக இந்தக் கட்டுரையை நான் எழுதவில்லை. உரிமத்தை ஒருவன் பெயரில் வாங்கி, அறை அறையாக உள்குத்தகைக்கு விட்டு, நாலு பேர் இடத்தில் எட்டுப் பேரை உட்கார வைத்து, தீபாவளி அவசரத்தில் மரத்தடியிலும் மருந்தைப் பரப்புகிறவர்கள், 'பிள்ளைகளுக்குத்தான் கவுன்சலிங் கொடுக்கிறோமே' என்று ஒரு புது சமாதானத்தைத் தேடிக்கொள்ள வேண்டாம். அந்தப் பிள்ளைகளுக்கு முதல் சிகிச்சை விதிப்படி நடக்கிற ஆலை. 'உங்கம்மா வேலை பார்க்கிற அறையில் நாலு பேர்தான் இருக்கிறார்கள். மிஞ்சிய மருந்தை அன்றன்றே அப்புறப்படுத்துகிறார்கள். போன வாரம் அதிகாரி வந்து பார்த்தார்' என்று வைத்தியர் பிள்ளையிடம் சொல்ல வேண்டும். அது உண்மையாகவும் இருக்க வேண்டும். ஆலைச் சோதனையும் பிள்ளை வைத்தியமும் இரண்டு இலாகா என்று பைலில் இருக்கலாம். பிள்ளையின் தூக்கத்துக்கு இரண்டும் ஒன்றுதான்.

இந்த விஷயத்தைக் கதையாக எழுதக் கூடாதா என்று சில அன்பர்கள் கேட்கிறார்கள். எழுதலாம். வாசகர்கள் கண்ணீர் விடுவார்கள், கடிதம் போடுவார்கள். கண்ணீரால் ஒரு வேலைக்கு ஆள் போட முடியாது. நான் கேட்பது ஓர் உத்தியோகம். சம்பளமும் நாற்காலியும் உள்ள சர்க்கார் உத்தியோகம். சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டை வட்டங்களுக்கு வட்டத்துக்கு ஒருவர். இந்தியப் புனர்வாழ்வுக் கவுன்சிலில் முறையாகப் பதிவு பெற்ற, குழந்தைகளைப் பார்க்கத் தெரிந்த மனோதத்துவ நிபுணர். 2022ல் விருதுநகரில் ஓர் அரசு மருத்துவக் கல்லூரியைத் திறக்க முடிந்தது. அதன் நிழலில் மூன்று நாற்காலி போட முடியாதா? விபத்து நிவாரணப் படிவத்தில், இறந்தவர், காயமடைந்தவர் என்ற இரண்டு பத்திகளோடு மூன்றாவதாக ஒரு பத்தி: அந்த வீட்டிலும் அந்தத் தெருவிலும் அந்தப் பள்ளிக்கூடத்திலும் உள்ள பிள்ளைகள். அவர்களை ஒரு மாதத்தில் ஒரு தடவை, மூன்று மாதத்தில் ஒரு தடவை, முதலாண்டு நினைவு நாள் வரும்போது ஒரு தடவை நேரில் பார்க்க வேண்டும். தீபாவளிக்கு முன் இன்னொரு தடவை. ஏனென்றால் நாடு முழுவதும் வாணவேடிக்கை பார்க்கிற அந்த இரவு அந்தப் பிள்ளைகளுக்கு என்னவாக இருக்கும் என்று நான் எழுதித்தான் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. செலவில் ஒரு பங்கைப் பட்டாசுத் தொழில் கொடுக்கட்டும். தொழிலுக்குக் கந்தகம் செலவு, காகிதம் செலவு, லாரி வாடகை செலவு. பிள்ளைகளின் தூக்கமும் அந்தத் தொழிலின் செலவுக் கணக்கில் வர வேண்டியதுதான்.

பட்டாசு வாங்காதீர்கள் என்று உங்களுக்கு நான் சொல்லவில்லை. லட்சக்கணக்கான ஜனங்களின் அடுப்பு அதில் எரிகிறது. மாற்று வேலை காட்டாமல் அந்த அடுப்பை அணைக்கச் சொல்ல எனக்கு உரிமையில்லை. உங்களிடம் கேட்பது ஒன்றே ஒன்று. அடுத்த தடவை பேப்பரில், 'சிவகாசி அருகே வெடி விபத்து' என்ற செய்தியை நீங்கள் படிக்கும்போது, செத்தவர் எண்ணிக்கையோடு நிறுத்திக்கொள்ளாதீர்கள். உங்கள் ஊர்ச் சட்டசபை உறுப்பினருக்கு எழுதுங்கள்; பத்திரிகை ஆசிரியருக்கு எழுதுங்கள். அந்த ஊர்ப் பிள்ளைகள் எத்தனை பேர், அவர்களை யார் பார்த்தார்கள் என்று கேளுங்கள். 'குழந்தைகள்தானே, மறந்துவிடும்' என்று பதில் வந்தால் விடாதீர்கள். எந்தத் தேதியில், எந்த நிபுணர், எந்தப் பிள்ளையை உட்கார வைத்துப் பார்த்துவிட்டு அப்படிச் சொன்னார் என்று திருப்பிக் கேளுங்கள்.